"பழையபடி ஹெவியாகிவிட்டோம்" என்று ஒரு பேண்ட் சொன்னால், அந்த ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

ஒரு போஸ்ட் ஹார்ட்கோர் (வேகமும் கத்தலும் கொண்ட ஹார்ட்கோர் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை) பேண்ட் புது ஆல்பம் அறிவித்து, "இந்த முறை எங்கள் வேருக்கே திரும்பியிருக்கிறோம், பழையபடி ஹெவி" என்று சொன்னால் எனக்கு இரண்டு வேலை வந்துவிடும். முதலில் சந்தோஷப்பட வேண்டும். பிறகு அந்தச் சந்தோஷத்தைச் சில வாரங்களுக்கு மூட்டை கட்டி வைக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

பதினோரு வருடம் ஒரு சின்ன பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன் நான். வலது தோள் ஒத்துழைக்க மறுத்ததும் குச்சியைக் கீழே வைத்தேன். இடது காதில் ஒரு 'ங்ங்ங்' சத்தம் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது, வாடகை தராமல். இப்போது கேட்பது மட்டும்தான். அதை ஒழுங்காகச் செய்ய ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிறேன். இப்படி வரும் ஆல்பங்களை அந்த நோட்டை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், "பழையது" எது என்று முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் ஆல்பத்தைப் போட்டால் வெறும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரே பேண்டுக்கு மூன்று நான்கு "பழையது" இருக்கும். ஒவ்வொரு ரசிகனும் தான் கல்லூரியில் கேட்டதைத்தான் வேர் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அண்டர்ஓத் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1999, 2000-இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் டல்லஸ் டெய்லர். இருண்ட, நீளமான, கிட்டத்தட்ட மெட்டல் என்றே சொல்லக்கூடிய பாடல்கள். ஸ்பென்சர் சேம்பர்லெய்ன் பாடகராக வந்த பிறகான முதல் ஆல்பம், 2004-இல் வெளியான 'தே ஆர் ஒன்லி சேஸிங் சேஃப்டி'. அதில் டிரம்மர் ஆரோன் கில்லெஸ்பியின் இனிமையான கோரஸ்கள் முன்னுக்கு வந்தன. நிறைய பேர் உள்ளே வந்தது அந்த வாசல் வழியாகத்தான். 2006-இல் 'டிஃபைன் தி கிரேட் லைன்'. எல்லோரும் இன்னும் இனிமையாகப் போவார்கள் என்று எதிர்பார்த்த நேரத்தில் அவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஆனாலும் அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் நேராக இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இப்போது சொல்லுங்கள், இவர்களுக்கு வேர் எது? 2000-ஆ, 2004-ஆ, 2006-ஆ?

இந்த இசைக்கே வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 1985-இல் வாஷிங்டன் டி.சி.யில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற பேண்டுகள் ஹார்ட்கோர் பங்கின் வேகத்தை வைத்துக்கொண்டு அதன் விறைப்பை உடைத்தார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் இருந்த இருவர் பிறகு ஃபுகாஸி என்ற பேண்டுக்குப் போனார்கள். அங்கே யாரும் கிட்டாரை அதலபாதாளத்துக்கு இறக்கி டியூன் செய்யவில்லை. இரட்டை பேஸ் டிரம் இல்லை. ஆனாலும் கேட்டால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த பேண்டிடம் நான் எந்த ஆல்பத்தை எதிர்பார்க்கிறேன்? எழுதிவிட்டு, புது ஆல்பத்துக்கு முன்னால் அந்தப் பழையதை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். நினைவில் இருந்த அளவு அது ஹெவி இல்லை. நாம் அப்போது சின்னப் பையன்கள், அவ்வளவுதான்.

முதல் சிங்கிளை நம்பாதீர்கள்

ஆல்பத்திலேயே முரட்டுப் பாட்டை முதலில் வெளியே விடுவது பேண்டுகளின் பழைய வழக்கம். அண்டர்ஓத் மறுபடி சேர்ந்து 2018-இல் 'ஈரேஸ் மீ' வெளியிட்டபோது முதலில் விட்ட பாட்டு 'ஆன் மை டீத்'. நல்ல உறுமல் பாட்டு. சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி பரிந்துரைகூட அதற்குக் கிடைத்தது. அதைக் கேட்டுவிட்டு, "வந்துட்டானுங்கடா!" என்று பழைய பேண்ட் நண்பர்கள் எல்லோருக்கும் நான் செய்தி அனுப்பினேன். ஆல்பம் வந்து பார்த்தால், அவர்களுடைய பட்டியலிலேயே ரேடியோவுக்கு மிக அருகில் நிற்கும் ஆல்பம் அது. எங்கள் பேஸ் வாசிப்பாளன் ஒரு வார்த்தை பேசாமல் என் செய்தியையே எனக்குத் திருப்பி அனுப்பினான். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

2022 ஜனவரியில் 'வாயரிஸ்ட்' வந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது உண்மையிலேயே கனமான ஆல்பம். ஆனால் அப்படிச் சொல்ல மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

சிங்கிள்களைக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேளுங்கள். தீர்ப்பு மட்டும் வேண்டாம். எனக்கு எப்போதும் உண்மையைச் சொல்வது ஆல்பத்தின் ஆறாவது, ஏழாவது பாட்டு. முதல் பாட்டு வாசலில் போட்ட கோலம், கடைசிப் பாட்டு வழியனுப்பு. நடுவில் யாரும் அதிகம் கவனிக்காத இடத்தில் பேண்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

எதில் கேட்பது, எவ்வளவு சத்தத்தில்

போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடிச்சுரங்களைத் தள்ள முடியாது. சாதாரண டியூனிங்கில் பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அடிச்சுரம் போனில் வரவே வராது. அதன் மேல்சுரங்களை வைத்து மூளை ஏதோ ஊகித்துக்கொள்ளும். கிட்டாரின் சரசரப்பும் சிம்பலும் மட்டும் காதுக்கு வந்து சேரும். அதைக் கேட்டுவிட்டு "புரடக்‌ஷன் மெல்லிசா இருக்கு" என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு ஆல்பத்தை அப்படி ஒதுக்கித் தள்ளி, இரண்டு வருடம் கழித்து ஒயர் வைத்த ஹெட்போனில் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவன்தான்.

ஹெட்போனில் பேஸைக் கூட்டும் செட்டிங் ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். எதைப் போட்டாலும் ஹெவியாகக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யார் ஹெவி என்று தேடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது சத்தத்தின் அளவு. பழைய ஆல்பத்தையும் புது ஆல்பத்தையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதை நம் காது எப்போதும் "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் சத்தத்தைச் சமன்படுத்தும் வசதி இருக்கிறது. மற்ற நேரத்தில் எனக்குப் பிடிக்காது, ஆனால் ஒப்பிடும்போது போட்டுவிடுவேன். ஒரு ஆல்பத்தின் பாட்டுகளுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைக் கேட்கும்போது அணைத்துவிடுவேன்.

காதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். ஒரு ரிகர்சல் அறையில் நான் எத்தனை பதினைந்து நிமிடங்கள் உட்கார்ந்தேன் என்று என் இடது காதைக் கேளுங்கள்.

கேட்கும் முறை

முதல் தடவை நோட்டைத் திறக்காதீர்கள். பாடல் வரிகளைப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல் போகவிடுங்கள். உடம்பு எங்கே அசைந்தது என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். நான் டிரம்மர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் உண்டுதான். ஆனால் ஒரு பாட்டில் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்னேர், அதாவது சுரீரென்று வெடிக்கும் அந்தச் சின்ன டிரம்.

தொடையில் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக எண்ணுங்கள். வழக்கமான ராக் தாளத்தில் ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழும். வேகமான பங்க் தாளத்தில் அது இன்னும் நெருக்கமாக, மூச்சுவிடாமல் விழும். இப்போது எண்ணிக்கையை அதே வேகத்தில் வைத்துக்கொண்டு ஸ்னேரை மூன்றில் மட்டும் தட்டுங்கள். ஒன்று, இரண்டு, *டம்*, நான்கு. வேகம் மாறவில்லை, காலம்தான் பாதியாக இறங்கியிருக்கிறது. திடீரென்று தரை கீழே போன மாதிரி இருக்கிறது அல்லவா? பிரேக்டவுன் என்று சொல்வதில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இறக்கத்துக்கு முன்னால் பேண்ட் எங்கே நின்றது என்பதை. வேகமாக ஓடிக்கொண்டிருந்து சட்டென்று காலை ஊன்றினால் கனம் தெரியும். முழுப் பாட்டும் ஊன்றிய காலாகவே இருந்தால் அது வெறும் மெதுவான பாட்டு. "பழையபடி ஹெவி" என்று சொல்லும் பல ஆல்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில். பழைய ஆல்பத்தில் ரசிகர்களுக்கு நினைவிருக்கும் இருபது வினாடிகளை மட்டும் எடுத்து, அதை நாற்பது நிமிடத்துக்கு நீட்டி வைத்துவிடுவார்கள்.

இதைச் சொந்தமாகச் சூடுபட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். எங்கள் முதல் டெமோ கொஞ்சம் மென்மை என்று நாலு பேர் சொன்னதும், இரண்டாவதில் "ஹெவியாகப் போகலாம்" என்று தீர்மானம் போட்டோம். கிட்டாரைக் கடைசிக் கம்பி ஏ சுரத்துக்கு வரும் வரை இறக்கினோம். அதாவது 82 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய கம்பி 55-க்கு வந்தது. கம்பி மட்டும் அதே பழைய மெல்லிய செட். தடிமனான கம்பி மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பி துணி காயப்போடும் கயிறு மாதிரி தொங்கியது. ஓங்கி அடித்தால் முதலில் சுரம் மேலே ஏறி, பிறகு தள்ளாடி இறங்கி வரும். நான் அதற்கு மேல் ஒவ்வொரு ரிஃப்புக்கும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை நிரப்பினேன். ரெக்கார்டிங்கைத் திருப்பிக் கேட்டபோது லாரி இன்ஜினைப் போர்வைக்குள் வைத்து ஓட்டிய மாதிரி இருந்தது.

எங்கள் பேஸ் வாசிப்பாளன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: "மச்சி, நீ அடிக்கிறதுல பாதியை எடுத்துடு. எடுத்த இடத்துல யாரும் எதுவும் வாசிக்காதீங்க."

கோபம் வந்தது. ஆனாலும் எடுத்துப் பார்த்தோம். பிரேக்டவுனுக்கு முன்னால் ஒரு தாளவட்டம் முழுக்க அமைதி. அவ்வளவுதான் மாற்றம். அதற்குப் பிறகு விழுந்த முதல் அடியில் ரிகர்சல் அறைக் கதவில் மாட்டியிருந்த சாவிக்கொத்து குலுங்கியது.

அவன் இதைக் கற்றுக்கொண்டது ஃபுகாஸியிடம். 'வெய்ட்டிங் ரூம்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் பேஸ் தனியாக வரும். பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நடை சூடு பிடித்ததும், இருபது வினாடி தாண்டிய இடத்தில், எல்லாம் ஒரேயடியாக நிற்கும். ஒன்றுமே இல்லை. பாட்டு அறுந்துவிட்டதா என்று போனைப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு நீளம். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி விழுவார்கள். 1988-இல் வந்தது. சாதாரண டியூனிங், சாதாரண வேகம். இன்றைக்கும் எந்தப் புது ஆல்பத்தை மதிப்பிடுவதற்கு முன்னாலும் நான் அதை ஒருமுறை போட்டுக் கேட்டுக்கொள்வேன், தராசில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது மாதிரி.

ஆகவே இரண்டாவது தடவை கேட்கும்போது நோட்டில் குறிக்க வேண்டியது, பேண்ட் எங்கெங்கே வாசிக்காமல் இருக்கிறது என்பதை. எத்தனையாவது பாட்டு, எத்தனையாவது நிமிடம். அரைப் பக்கமாவது நிரம்பினால் எனக்கு நம்பிக்கை வரும்.

டிரம்ஸ் சத்தத்திலேயே இன்னொரு சோதனை. ஸ்னேர் தொடர்ந்து உருளும் இடம் ஒன்றைப் பிடித்து, எட்டு அடிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். மனிதன் அடித்தால் ஒன்று கொஞ்சம் அழுத்தமாக, ஒன்று விளிம்பில், ஒன்று சோர்வாக இருக்கும். எட்டும் அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருந்தால், அடித்த சத்தத்தை எடுத்துவிட்டு ஏற்கெனவே பதிவு செய்த ஒரே சத்தத்தை எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். இது குற்றமில்லை, இப்போது எல்லோரும் செய்வதுதான். ஆனால் "நாலு பேர் ஒரு அறையில் நின்று வாசித்தோம், பழைய மாதிரி" என்று பேட்டியில் சொல்லிவிட்டு இப்படி வந்தால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன்.

மூன்றாவது தடவை கிட்டாரும் பேஸும். இதில் நீண்ட நேரம் செலவழிக்க மாட்டேன். கீழே இறக்கி டியூன் செய்வதால் மட்டும் கனம் வருவதில்லை என்பதற்கு எங்கள் டெமோவே சாட்சி. கடைசிக் கம்பியை மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறக்கும் டிராப் டியூனிங்கின் உண்மையான லாபம் வேறு. கடைசி மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அமுக்கி பவர் கார்டு (ராக்கில் எங்கும் வரும் எளிய சுரச்சேர்க்கை) பிடித்துவிடலாம். அதனால் ரிஃப் வேகமாக நகரும். ஆகவே ரிஃப் நகர்கிறதா, அல்லது ஒரே கட்டையில் நின்று இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இரண்டு கிட்டாரும் வேறு வேறு வேலை செய்கின்றனவா? ஒன்று கீழே அரைக்க, இன்னொன்று மேலே ஒரு சுரத்தை அதன் எட்டாம் சுரத்தோடு சேர்த்து இழுத்துப் பாடினால், அது இந்த இசையின் கையெழுத்து. இரண்டும் ஒன்றையே வாசித்தால் மெட்டல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தப்பில்லை, ஆனால் அது அவர்களுடைய வேராக இல்லாமலும் இருக்கலாம்.

நான்காவது தடவை குரல். இப்போது பாடல் வரிகளைத் திறக்கலாம்.

ஸ்க்ரீம், அதாவது கத்தல், அதிகமானால் ஹெவி என்பது பெரிய மூடநம்பிக்கை. ஒரு வரியை ஏன் பாடாமல் கத்துகிறார் என்று கேளுங்கள். அந்த வரியைச் சாதாரணக் குரலில் சொல்ல முடியாது என்பதால் கத்தினால் அது தெரிந்துவிடும். கோரஸுக்கு முன்னால் காரம் தூவுவதற்காகக் கத்தினால் அதுவும் தெரிந்துவிடும். வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் பயிற்சியே இல்லாமல் தொண்டையைக் கிழித்துக்கொண்டவர்கள், நாற்பதில் குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து, நிஜக் குரலுக்குச் சேதம் வராமல் கத்தப் பழகியிருப்பார்கள். அதனால் புதுக் கத்தல் இன்னும் தடிமனாக, இன்னும் கட்டுப்பாடாக இருக்கும். பழைய கத்தலில் இருந்த "இவனுக்கு இப்போது என்னமோ ஆகப்போகிறது" என்ற பயம் அதில் இருக்காது. இதைக் குறையாக எழுதாதீர்கள். அந்த மனிதர் அடுத்த ஊரிலும் பாட வேண்டும்.

மூச்சை மட்டும் கவனியுங்கள். கத்துவதற்கு முன் உள்ளிழுக்கும் மூச்சு கேட்கிறதா? பல ரெக்கார்டிங்குகளில் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். விட்டுவைத்த ஆல்பங்களில் பாடுபவர் நம் பக்கத்தில் நிற்பார்.

ஒரு பயிற்சி

காது பழக வேண்டும் என்றால் த்ரைஸ் பேண்டின் 'தி ஆர்டிஸ்ட் இன் தி ஆம்புலன்ஸ்' ஆல்பத்தை இரண்டு முறை கேளுங்கள். ஒன்று, பிரையன் மெக்டெர்னன் தயாரித்து 2003-இல் வந்தது. மற்றது, அதே நால்வர் அதே பாட்டுகளை மறுபடி பதிவு செய்து 2023-இல் வெளியிட்டது. பாட்டு ஒன்று, கைகள் ஒன்று, நடுவில் இருபது வருடம். வேருக்குத் திரும்புவது என்றால் நிஜமாக என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஒரு பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, எதில் அவசரம் இருக்கிறது, எதில் எடை இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். எனக்கு அவசரம் முழுக்கப் பழையதில் விழுந்தது, எடை புதியதில். உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

அதே த்ரைஸ் 2007, 2008-இல் 'தி ஆல்கெமி இண்டெக்ஸ்' என்று நெருப்பு, நீர், காற்று, மண் என நான்கு பகுதிகளாக, பகுதிக்கு ஆறு பாட்டு வீதம் இருபத்து நான்கு பாட்டு வெளியிட்டார்கள். ஹெவியானதை எல்லாம் நெருப்பில் கொட்டி மூடிவிட்டார்கள். நெருப்பை மட்டும் கேட்டால் ஆறாவது பாட்டுக்குள் காது சூட்டுக்குப் பழகிவிடுகிறது. நீரில் மூன்று பாட்டு கேட்டுவிட்டு நெருப்புக்குத் திரும்புங்கள், அப்போது சுடும். எங்கள் பேஸ் வாசிப்பாளன் சொன்னதுதான், இங்கே ஆல்பம் அளவில்.

எப்போது எழுதுவது

நான்கு தடவை கேட்டு முடித்ததும் ஆல்பத்தின் பின்பக்கத் தகவலைப் பார்ப்பேன். யார் தயாரித்தது, யார் மிக்ஸ் செய்தது, யார் போய் யார் திரும்பி வந்தது. அண்டர்ஓத்தில் கில்லெஸ்பி விலகிய பிறகு 2010-இல் வந்த 'டிஸ்ஆம்பிகுவேஷன்' இருண்டு போனதற்கு, இனிமையாகப் பாட அவர் இல்லை என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். சில சமயம் பேண்டின் "திரும்புதல்" தத்துவம் எல்லாம் ஒரு ஆள் மாற்றத்தில் அடங்கிவிடும். இதை முன்னாலேயே பார்த்துவிட்டால் பெயரைக் கேட்டுத்தான் பாட்டைக் கேட்பீர்கள், அதனால் கடைசியில் வைக்கிறேன்.

பிறகு ஆல்பத்தை மூன்று வாரம் தொடாதீர்கள். அந்த மூன்று வாரத்தில் பாத்திரம் கழுவும்போதோ படியேறும்போதோ ஏதாவது ஒரு ரிஃப் தானாக வாயில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எந்தப் பாட்டு என்று தேடாமல், நினைவில் இருப்பதை அப்படியே நோட்டில் "டக டக டம்... டக டம்" என்று எழுதி வையுங்கள். என் நோட்டைப் பிறர் பார்த்தால் பைத்தியக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் ஏழாவது பாட்டிலிருந்து போடுங்கள். அந்த "டக டம்" அங்கே இருந்தால், பழைய பேண்ட் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பலாம். நான் வாயரிஸ்டுக்கு அனுப்பினேன். பதிலுக்கு எங்கள் பேஸ் வாசிப்பாளன் அனுப்பியது 2018-இல் நான் எழுதிய அதே "வந்துட்டானுங்கடா!"